பன்னிரண்டு ஊர், பதினாறு நாள்

கேள்வி: நான் 26 வயதுப் பெண். சொந்த ஊர் திண்டுக்கல், வேலை திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில். இரண்டு வருடமாகச் சேர்த்த 85,000 ரூபாயில், தீபாவளி விடுப்போடு சேர்த்து நவம்பரில் 16 நாள் தனியாக வியட்நாம் போக ஆசை. திருச்சியிலிருந்து ஹோசிமின் நகரம் போய்வர விமானத்துக்கு 23,000 ஆகிறது. தெற்கே கான் தோ தொடங்கி வடக்கே சாபா வரை 12 ஊர்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறேன். விடுதிச் செலவைக் குறைக்க ஆறு இரவுகள் ஸ்லீப்பர் பஸ். ஹா ஜியாங் மலையில் பைக் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டப் போகிறேன். சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டேன். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. பணம் போதுமா? தனியாகப் போவது சரியா? அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

பதில்: உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். ஊருக்கு ஒரு நிறம், பஸ் நேரம், ரயில் எண், நுழைவுச் சீட்டு விலை என்று அவ்வளவு நேர்த்தி. என் அலுவலகத்தில் இடம் காலியாக இருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் இதன்படி போனால் நீங்கள் வியட்நாமின் பஸ்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

பணம் போதும், அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் இந்த 12 ஊர்களுக்குப் போதாது. பதினேழு வருடமாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். குறைந்த காசில் கிளம்புகிற பிள்ளைகள் எல்லோரும் படுக்கையிலும் சாப்பாட்டிலும் பத்து இருபது மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். காசு கரைவதோ ஊர் மாறும்போது. பஸ் கட்டணம் ஒரு பங்கு என்றால், பஸ் நிலையத்துக்குப் போக, இறங்கிய இடத்திலிருந்து விடுதிக்குப் போக, பசியில் கண்ணில் பட்ட கடையில் அவர்கள் சொன்ன விலைக்குச் சாப்பிட, அலுப்பில் "டாக்ஸியே பிடிச்சிடலாம்" என்று ஏறிவிட என்று இன்னொரு பங்கு சத்தமில்லாமல் போகும். ஹனோயிலிருந்து ஹோசிமின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி சென்னை வந்து, மறுபடி விழுப்புரம் தாண்டிப் போகும் தூரம். அதைப் பதினாறு நாளில் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு ஊரிலும் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு பகல்.

ஸ்லீப்பர் பஸ் விஷயம் தனி. ஓர் இரவு பஸ்ஸில் தூங்கினால் விடுதியில் மிச்சமாவது 500, 600 ரூபாய். அந்தப் பஸ் விடியற்காலை நாலு மணிக்கு உங்களை இறக்கிவிடும். விடுதியில் படுக்கை கிடைப்பது மதியம் ஒரு மணிக்கோ இரண்டுக்கோ. என் முதல் வியட்நாம் பயணத்தில் இதே சிக்கனத்தைச் செய்து, பூட்டிய ஷட்டர் வாசலில் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பகல் முழுக்கத் தூக்கம், அந்த ஊர் எப்படி இருந்தது என்பதே நினைவில்லை. பகல் பஸ்ஸில் போங்கள். ஜன்னலுக்கு வெளியேயும் பார்க்க ஒரு நாடு இருக்கிறது. ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள், திகைக்க வேண்டாம்.

அடுத்தது நவம்பர். இது உங்கள் அட்டவணையில் விழுந்த பெரிய ஓட்டை. வெயில் நாடு என்றால் எங்கும் ஒரே பருவம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வியட்நாம் நீளவாக்கில் கிடப்பதால் ஒரே மாதத்தில் மூன்று பருவம் உண்டு. நவம்பரில் தெற்கே மழை ஓயும் நேரம். வடக்கே வானம் தெளிந்து குளிர் தொடங்கும், வருடத்திலேயே நல்ல காலம். நடுவில் இருக்கும் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் பக்கம்தான் வம்பு. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவந்து மலையில் முட்டிக் கொட்டும். போதாததற்குப் புயலும் வரும். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின. ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகு ஓடிய படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் பட்டியலில் நாலு ஊர் இந்த மழைக்குள் வருகின்றன.

எனவே நவம்பர்தான் என்றால் நடுப்பகுதியை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஹோய் ஆனில் விளக்குகளுக்குக் கீழே படம் எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு மார்ச் கடைசியோ ஏப்ரலோ வேண்டும். அப்போது போனால் ஹுவேயிலிருந்து டா நாங் வரை ரயிலில் வாருங்கள்; ஹாய் வான் கணவாயில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று பாதை போகும். ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத்தில் மீ சன் இருக்கிறது. அந்தப் பகுதியை ஒருகாலத்தில் ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதெல்லாம் அடுத்த பயணம்.

இந்தப் பயணத்துக்கு நான் சொல்வது நாலு இடம். சைகோன் (ஹோசிமின் நகரத்தை ஊர்க்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்) இரண்டு இரவு. அங்கிருந்து விமானத்தில் ஹனோய், மூன்று இரவு. நின் பின் மூன்று இரவு. ஹா ஜியாங் ஊரில் ஓர் இரவு, மலைச் சுற்றில் மூன்று. திரும்ப ஹனோயில் இரண்டு, கடைசியாக சைகோனில் ஒன்று. பதினைந்து இரவு ஆயிற்றா? சாபா வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கே அடுக்கு வயல்கள் பொன்னிறமாக இருப்பது செப்டம்பரில். நவம்பரில் அறுத்த தாள்தான் நிற்கும். ஹா ஜியாங்கில் அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியச் செடி பூத்து மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். இரண்டில் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். விமானம் போக உங்கள் கையில் 62,000. விசா, காப்பீடு இரண்டுக்கும் சேர்த்து 4,000 வைத்துக்கொள்ளுங்கள். சைகோன், ஹனோய் இடையே போகவர விமானம் 10,000. முன்கூட்டிப் போட்டால் குறையலாம். ஹா ஜியாங் நாலு நாளுக்கு வண்டியோட்டியோடு 18,000. மிச்சம் 30,000, பன்னிரண்டு நாள். பெண்கள் மட்டும் தங்கும் பொதுஅறையில் ஒரு படுக்கை 500 முதல் 700 ரூபாய். தெருக்கடையில் ஒரு வேளைச் சாப்பாடு 150 முதல் 250. உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு, ஒரு காபி எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,800 என்று போட்டால் 21,600. கையில் 8,400 நிற்கும். அந்த 8,400ஐத் தொடாதீர்கள், வீட்டுக்குப் பரிசு வாங்கக்கூட.

வண்டியோட்டிக்கு 18,000 ஏன், நானே ஓட்டினால் பாதிகூட ஆகாதே என்பீர்கள். உங்கள் சர்வதேச உரிமம் அங்கே செல்லாது. இந்தியா கொடுப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான உரிமம். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. வாடகைக்கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், உரிமத்தைப் பார்த்துத் தலையாட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவார். வழியில் போலீஸ் நிறுத்தினால் அபராதம், அது 2025இலிருந்து நன்றாக ஏறியும் விட்டது. அதைக்கூடக் கட்டிவிடலாம். செல்லாத உரிமத்தோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டால் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தராது. மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளத்தில் நோ குவே ஆறு. எதிரே லாரி வரும். திருப்பூர்–திண்டுக்கல் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிய தைரியம் அங்கே உதவாது. உள்ளூர்ப் பையன் ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவதை அங்கே 'ஈஸி ரைடர்' என்பார்கள். உங்கள் கண்ணுக்கும் கேமராவுக்கும் வேலை கிடைக்கும்.

அதிலும் ஒரு விஷயம். இரவு தங்கும் வீடுகளில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும்போது மக்காச்சோளச் சாராயம் சுற்றி வரும். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உங்கள் வண்டியோட்டி எத்தனை குடித்தார் என்று ஒரு கண் வைத்திருங்கள். காலையில் அவர் தெளிவாக இல்லையென்றால் ஏறாதீர்கள், ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு ஆளை மாற்றச் சொல்லுங்கள். வெட்கப்படவே வேண்டாம். குழுவில் எத்தனை பேர், தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி அறை உண்டா, ஹெல்மெட் முழுமுகமா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அப்புறம், ஸ்வெட்டர். நவம்பர் இரவில் அந்த மலையில் கொடைக்கானல் குளிர் அடிக்கும். வெயில் நாடு என்று பருத்திச் சட்டையோடு போய் நடுங்கியவர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர்.

நின் பின்னுக்கு ஹனோயிலிருந்து ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். நகரத்துக்குள் தங்காமல் தாம் கோக் பக்கம் தங்குங்கள். நெல்வயலுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் மலைகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். பாதை சமதரை என்பதால் சைக்கிள் போதும், பல விடுதிகளில் இலவசமாகவே தருவார்கள். தாம் கோக்கில் படகுக்காரம்மாக்கள் காலால் துடுப்புப் போடுவதைப் பாருங்கள். சாங் ஆன் படகு ஏறக்குறைய மூன்று மணி நேரம், குகைகளுக்கு உள்ளே நுழைந்து வெளியே வரும். தனியாகப் போனால் நாலு பேர் சேரும்வரை படகுத்துறையில் காத்திருக்கச் சொல்வார்கள். காலை எட்டு மணிக்குள் போனால் கூட்டமும் இருக்காது, காத்திருப்பும் அதிகமில்லை.

சாப்பாட்டில்தான் உங்கள் கடிதத்தில் பயம் தெரிகிறது. வியட்நாமில் சைவத்துக்கு ஒரு சொல் இருக்கிறது, 'சாய்'. கடைப் பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள். நம் டீ நினைவுக்கு வரும், ஆனால் அது பௌத்தர்களின் சைவச் சாப்பாடு. நம் வீட்டில் அமாவாசைக்குக் கவிச்சி கிடையாது அல்லவா? அங்கேயும் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும், நிறையப் பேர் சாய் சாப்பிடுவார்கள். அந்த இரண்டு நாளில் தெருவில் தள்ளுவண்டியில்கூடச் சைவம் கிடைக்கும். நாள்காட்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 'தோய் ஆன் சாய்' என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது, எனவே போனில் வியட்நாமிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள். கூடவே மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் 'நூக் மாம்' சாறு வேண்டாம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள், அது கீரைப் பொரியலில்கூட இருக்கும். தக்காளியில் போட்ட டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, சோறு. இந்த மூன்றும் எந்த மலைக்கிராமத்திலும் கிடைக்கும். காலையில் முட்டை வைத்த பான் மீ ரொட்டி. மூன்றாம் நாள் புளியோதரைக்கு ஏங்குவீர்கள், பொடியும் ஊறுகாயும் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள்.

சைகோனில் ட்ருவோங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இப்போது அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அம்மனிடம் ஏதோ முணுமுணுப்பார்கள். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். நான் சொல்லும் எந்த வாதத்தையும்விட அது வேலை செய்யும்.

அம்மா விஷயத்தில் என்னிடம் ஒரே ஒரு நடைமுறை யோசனைதான். மணிக்கொரு தரம் கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மலையில் சிக்னல் போகும், அவர்கள் இங்கே தூங்க மாட்டார்கள். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. நம் நேரம் இரவு எட்டுக்கு ஒரு செய்தி, வரவில்லையென்றால் மறுநாள் காலை பத்துவரை பதற வேண்டாம் என்று பேசி வையுங்கள். விடுதிகளின் பெயர், தொலைபேசி எண், பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளைப் பார்த்துச் சம்மதித்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு வியட்நாம் ஒப்பீட்டில் சங்கடம் குறைந்த நாடு. இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் குடும்பம் குடும்பமாகச் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே ஜாக்கிரதை வேண்டியது போனுக்கு. சைகோனில் நடைபாதை ஓரத்தில் நின்று மேப் பார்த்தால் பைக்கில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குள் நுழைந்து பாருங்கள். பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள். ஹனோய் பழைய நகரத்தில் பழம் விற்பவர்கள் காவடி மாதிரிக் கூடைத் தண்டை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள், பிறகு பழத்தை வாங்கச் சொல்லி நிற்பார்கள். தெருவில் கைநீட்டி ஆட்டோ பிடிக்கும் பழக்கத்தை விட்டு, கிராப் செயலியில் பைக் போடுங்கள், விலை முன்பே தெரியும்.

நோட்டு. ஒரு லட்சம் டாங் என்பது ஏறத்தாழ 340 ரூபாய். எனவே கையில் பத்து லட்சம் வைத்துக்கொண்டு காபி குடிப்பீர்கள், பூஜ்யங்கள் கண்ணைக் கட்டும். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். நான் ஓர் இளநீருக்கு ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு, இரவு விடுதியில் எண்ணும்போதுதான் தலையில் கை வைத்தேன். பெரிய நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். டாலர் கொண்டுபோனால் மடிப்போ மை கிறுக்கலோ இல்லாத நோட்டாகப் பாருங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள், அங்கே போய் ஓடிபி வராமல் நிற்காதீர்கள். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், சின்னச் சின்னத் தொகையாக எடுக்க வேண்டாம்.

உடம்பைப் பற்றி நான் டாக்டர் இல்லை, கிளம்ப ஒரு மாதம் முன்பு ஒருவரைப் பார்த்துத் தடுப்பூசி கேட்டுவிடுங்கள். இரண்டு விஷயம் மட்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மலைக்கிராமத்து நாய்க்குட்டியைக் கொஞ்ச வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்கு ஓடவேண்டும், அதற்காக நாலு நாள் மலைச்சுற்றைப் பாதியில் விட்டாலும் பரவாயில்லை. ஆம்புலன்ஸ் எண் அங்கே 115, போலீஸ் 113.

விசாவை இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா 90 நாள் வரை தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேடம் போட்ட தளங்கள் முதலில் வந்து நின்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். முகவரி 'கவ் டாட் விஎன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். படிவத்தில் எந்த விமானநிலையம் வழியாக நுழைகிறீர்கள் என்ற கட்டத்தில் ஹோசிமின் நகரத்து விமானநிலையமான 'தான் சன் நாட்' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் அதிக நாள் இருக்கப்போவது ஹனோயில் என்பதால் கை தன்னாலே அந்தப் பெயருக்குப் போகும். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே வரிசையில், அப்பா பெயர் உட்பட, ஓர் எழுத்து பிசகாமல் இருக்கட்டும். மூன்று வேலைநாள் என்று சொல்வார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பையை 7 கிலோவுக்குள் கட்டுங்கள். மலிவு விமானங்களில் கையோடு எடுத்துப்போக அவ்வளவுதான் விடுவார்கள், வாசலில் தராசு வைத்திருப்பார்கள். ஸ்வெட்டரை உடுத்திக்கொண்டே ஏறிவிடுங்கள், அதற்கு எடை கிடையாது.